வரிசையில் நின்ற வண்டி

வண்டி நின்ற இடத்தில் நசுங்கிய தக்காளி ஒன்று கிடந்தது. யுவராணி முதலில் அதைத்தான் பார்த்தாள். உரக்கடைப் படியில் துணிப்பையும் கையுமாக நின்றவள், எங்கேயோ நிறுத்திவிட்டு இங்கே தேடுகிறோம் போல என்று நினைத்தாள். சந்தை நாளில் கம்பைநல்லூர்க் கடைத்தெருவில் ஒருவர் தன் வண்டியை எடுக்க வேண்டுமென்றால் பக்கத்து வண்டிகளை நகர்த்தித்தான் எடுக்க முடியும். அப்படி யாராவது நகர்த்தி வைத்திருப்பார்கள். இடது பக்கம் பார்த்தாள். புளி மூட்டைகள் அடுக்கியிருந்தன. வலது பக்கம் சரக்கு இறக்க வந்த குட்டியானை லாரி ஒன்று பக்கத்து மருந்துக்கடையின் வாசலை மறைத்துக்கொண்டு நின்றது. நடுவில் நின்ற வண்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கறுப்பு வண்டிகள்தான் எல்லாம். ஆனால் டேங்கின் மேல் மகள் ஒட்டிவைத்த மஞ்சள் பட்டாம்பூச்சி எதிலும் இல்லை.

"என்ன ராணி, அங்கயே நின்னுட்ட?" என்றபடி அவள் புருசன் பெரியண்ணன் சுண்ணாம்புத் தூள் பையைத் தோளில் வைத்துக்கொண்டு கடைக்குள்ளிருந்து வந்தான். வீட்டில் பட்டுப்புழுக் கொட்டகையில் புழுக்கள் தோலுரிக்கக் கிடந்தன. அன்றைக்குத் தூள் தூவியாக வேண்டும் என்றுதான் இருவரும் அவசரமாக வந்திருந்தார்கள்.

"மாமா, வண்டி..."

அவன் பையைப் படியில் இறக்கி வைத்தான். கீழே இறங்கி வண்டி நின்ற இடத்தில் போய் நின்றான். அந்த வெற்றிடத்துக்குள் தன் உடம்பைப் பொருத்திப் பார்க்கிறவன் மாதிரி இருந்தது. நெற்றியில் ஒரு நரம்பு எழும்பியிருந்தது.  இதே முகத்தை அவள் ஒரு தடவை பார்த்திருக்கிறாள்.

அது பொம்மிடியில். அவளுடைய தம்பியை ரயிலேற்றிவிடப் போனவன், ஸ்டேசனுக்கு வெளியே வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே ஓடி, மூட்டையை ஏற்றிக் கொடுத்துவிட்டுத் திரும்பி வருவதற்குள் வண்டி போயிருந்தது. பட்டுக்கூடு விற்று அவன் தன் கையால் வாங்கிய முதல் வண்டி. புகார் கொடுக்கப் போன இடத்தில் எடுத்த எடுப்பில் கேட்ட கேள்வி, "ஹேண்டில் லாக் போட்டியா?" என்பதுதான். போடவில்லை. அந்தக் கேள்வி அவனுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. மாதக்கணக்கில் எந்த ஊருக்குப் போனாலும் நிற்கிற வண்டிகளின் நம்பர் பிளேட்டைக் குனிந்து பார்த்துக்கொண்டே நடந்தான். பழைய இரும்புக் கடைகளில் போய்ப் பிரித்துப்போட்ட டேங்குகளைப் புரட்டிப் பார்த்தான். பார்டர் தாண்டிவிட்டால் ஒரு பொழுதில் வண்டியைத் துண்டு துண்டாக்கிவிடுவார்கள் என்று யாரோ சொன்னதைக் கேட்டுவிட்டு வந்து அன்றைக்குச் சாப்பிடாமல் படுத்துக்கொண்டான்.

பிறகு பழைய வண்டி ஒன்றை வாங்கினான். ஓடி ஓடித் தேய்ந்த பூட்டு. இஞ்சின் ஓடும்போதே சாவியை உருவிவிடலாம். அதனால் தடித்த இரும்புச் சங்கிலி ஒன்று வாங்கி வந்தான். நீலப் பிளாஸ்டிக் உறை போட்டது. அதற்கு ஒரு பித்தளைப் பூட்டு. கடைக்குப் போனாலும், கோயிலுக்குப் போனாலும், எங்கே நிறுத்தினாலும் சக்கரத்தில் சங்கிலியைச் சுற்றிப் பூட்டி, பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் நகர்வான். வீட்டு வாசலில்கூடப் புழுக்கொட்டகையின் இரும்புக் கம்பத்தோடு சேர்த்துப் பூட்டுவான். "அப்பா வண்டிய மாட்டக் கட்டற மாதிரி கட்டறாரு" என்று மகள் சிரிப்பாள்.

இன்றைக்கு அந்தச் சங்கிலி யுவராணியின் துணிப்பையில் இருந்தது. வண்டியை விட்டு இறங்கியதும் அவன் அதற்காகக் கையை நீட்டினான். அவள்தான், "ரெண்டு நிமிசந்தானே மாமா, இதோட மல்லுக்கட்டிக்கிட்டு நிக்காம வாங்க, வெயிலு மண்டையப் பொளக்குது" என்று உள்ளே கூட்டிப் போனாள். அவன் இப்போது அதைச் சொல்லிக்காட்டவில்லை. அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சொல்லியிருந்தால் தேவலாம் போல இருந்தது.

உரக்கடைக்காரர் நஞ்சப்பன் விசயம் கேள்விப்பட்டு, "எங்கயும் போயிருக்காது, கேமரா இருக்குது, வாங்க" என்று இருவரையும் கல்லாவுக்குப் பின்னால் அழைத்தார். அதற்குள் பின்னாலேயே ஏழெட்டுப் பேர் வந்துவிட்டார்கள். சின்னத் திரையில் அவர்களுடைய வண்டி நின்றது. வெள்ளைச் சட்டையும் வேட்டியுமாக ஒரு ஆள் வந்தார். பெரிய கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். அக்கம்பக்கம் பார்க்கவில்லை. சாவியைப் போட்டார், திருப்பினார், உதைத்தார், போய்விட்டார். தன் வீட்டுப் பசுவை அவிழ்த்துக்கொண்டு போகிற மாதிரி அவ்வளவு சாவகாசமாக இருந்தது. அதைப் பார்த்ததும் யுவராணிக்கு உடம்பெல்லாம் கூசியது.

"கண்ணாடியப் பாத்தீங்களா? மூஞ்சி தெரியக் கூடாதுன்னு போட்டிருக்கறான்."

"கள்ளச்சாவிங்க. ஒரே திருப்புல தொறக்கறான் பாருங்க. பழகுன கை."

"வயசப் பாரு, இந்த வயசுல என்னா வேலை பண்றான்."

ஒருவன் தன் மச்சானின் வண்டி அரூரில் போனதைச் சொன்னான். இன்னொருவன் கல்யாண மண்டபத்து வாசலில் போன தன் வண்டியைச் சொன்னான். அங்கே நின்ற ஒவ்வொருவரிடமும் காணாமல் போன வண்டி ஒன்று இருந்தது. தன்னுடையது இல்லாவிட்டால் தம்பியுடையது, பக்கத்து வீட்டுக்காரனுடையது. ஒன்றும் திரும்பி வந்ததில்லை. ஒருவனும் பிடிபட்டதில்லை. சொல்லச் சொல்ல அவர்களுடைய குரல் தடித்துக்கொண்டே போனது. பெரியண்ணன் மட்டும் திரையையே பார்த்துக்கொண்டு நின்றான். நஞ்சப்பன் அந்தக் காட்சியை மறுபடி ஓட்டினார். அந்த ஆள் மறுபடி வந்தார், மறுபடி சாவியைத் திருப்பினார், மறுபடி போனார்.

அப்போதுதான் வெளியே யாரோ கத்தினார்கள். "அதோ! அதோ வருது பாரு வண்டி! கண்ணாடிக்காரன்!"

திருடின வண்டியைத் திருடின இடத்துக்கே ஒருவன் எதற்காக ஓட்டிக்கொண்டு வருவான் என்று அந்த நேரத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. யுவராணிக்கும்தான் தோன்றவில்லை. எல்லோரோடும் சேர்ந்து அவளும் ஓடினாள். சந்தைக் கூட்டத்துக்கு நடுவே மெதுவாக, காலைத் தரையில் ஊன்றி ஊன்றி அந்த ஆள் வந்துகொண்டிருந்தார். டேங்கின் மேல் மஞ்சள் பட்டாம்பூச்சி தெரிந்தது. ஒருவன் பாய்ந்து சாவியை உருவினான். இன்னொருவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தான். வண்டி ஒரு பக்கம் விழுந்தது, அவர் ஒரு பக்கம் விழுந்தார்.

"இருங்க சாமி, இருங்க, சொல்றேன்..." என்று அவர் ஒரு கையைத் தூக்கினார். அந்தக் கையைத்தான் முதலில் முறுக்கினார்கள். பிறகு யார் அடித்தார்கள், எத்தனை பேர் அடித்தார்கள் என்று சொல்ல முடியாது. தக்காளிக் கூடைக்காரர்கள், பஸ்ஸுக்கு நின்றவர்கள், என்ன ஏது என்று தெரியாமல் வந்தவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு அடி போட்டார்கள். பலபேர் கையைத் தூக்கிச் செல்போனில் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

யுவராணியின் பையை யாரோ வெடுக்கென்று இழுத்தார்கள். திரும்பிப் பார்த்தாள். பெரியண்ணன். அவன் பைக்குள் கையை விட்டுச் சங்கிலியை எடுத்தான். பையிலிருந்த சீப்பு வாழைப்பழம் தரையில் விழுந்தது. "மாமா, வேணாம்" என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் அவன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு உள்ளே போய்விட்டான்.

அவனைப் பற்றி அவளுக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை என்றுதான் அதுவரை நினைத்திருந்தாள். வரப்புச் சண்டையில் பங்காளி வாய்க்கு வந்தபடி பேசினாலும் பதில் பேசாமல் வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்கிற ஆள். மகளை ஒரு அடி அடித்ததில்லை. நோய் விழுந்த புழுக்களைப் பொறுக்கிக் குழியில் போட வேண்டுமென்றால் அதற்குக்கூட அவனுக்குக் கை வராது. "நீ பண்ணு ராணி" என்று வெளியே போய் நின்றுகொள்வான். அந்தக் கைதான் இப்போது தலைக்கு மேலே போய்ச் சங்கிலியோடு இறங்கியது. ஒரு தடவை. இன்னொரு தடவை. கறுப்புக் கண்ணாடி உடைந்து தெறித்தது. சத்தம் அவள் காதில் விழுந்தது. விறகு உடைகிற சத்தம் இல்லை, இரும்பில் இரும்பு மோதுகிற சத்தமும் இல்லை. ஈரத் துணியைக் கல்லில் அடிக்கிற சத்தம்.

கூட்டம் முண்டி வருவதைப் பார்த்த குட்டியானைக்காரர் லாரிக் கண்ணாடி உடைந்துவிடுமோ என்று பயந்து அதைப் பின்னால் நகர்த்தினார். மருந்துக்கடை வாசல் தெரிந்தது. அங்கே, வரிசையின் கடைசியில், அவர்களுடைய வண்டி நின்றது. அதே கறுப்பு, அதே சிவப்புக் கோடு, அதே வெளுத்துப்போன சீட்டு. யுவராணிக்கு ஒரு கணம் ஒன்றும் விளங்கவில்லை. நம் வண்டி இங்கேதானே நிற்கிறது, பிறகு எதற்காக அந்த ஆளைப் போட்டு அடிக்கிறார்கள் என்று நினைத்தாள். அப்படித்தான் அவள் மனசில் ஓடியது. கிட்டே போனாள். டேங்கில் பட்டாம்பூச்சி இல்லை. ஹெட்லைட் மேலே காய்ந்த குருத்தோலைச் சிலுவை ஒன்று செருகியிருந்தது.

காலுக்குக் கீழே ஏதோ நெரிந்தது. எடுத்துப் பார்த்தாள். அடிபடும்போது அந்த ஆளின் சட்டைப் பையிலிருந்து தெறித்து உருண்டு வந்த சின்ன சொட்டு மருந்துப் புட்டி. வீடு வீடாகப் போய் சர்க்கரையும் பிரசரும் பார்க்கிற சுகாதாரத் தன்னார்வலர் வேலை அவளுடையது. அந்தப் புட்டியை எத்தனையோ வீடுகளில் ஜன்னல் கட்டையில் பார்த்திருக்கிறாள். கண்புரை ஆபரேசன் ஆனவர்களுக்குக் கொடுப்பது. அவர்களுக்குத்தான் அந்தப் பெரிய கறுப்புக் கண்ணாடியையும் கொடுப்பார்கள்.

அவள் கத்தினாள். "வுடுங்க! அவரு திருடன் இல்ல! வண்டி மாறிப்போச்சு! அவரு வண்டி இங்க நிக்குது!" தொண்டை கிழிகிற மாதிரி கத்தினாள். பக்கத்தில் நின்றவன்கூடத் திரும்பவில்லை. கூட்டத்துக்குள் தலையைக் கொடுத்து நுழைந்தாள். யாருடைய முழங்கையோ அவள் கன்னத்தில் இடித்தது. போய்ப் பெரியண்ணனின் ஓங்கிய கையைப் பிடித்துத் தொங்கினாள். அவன் குனிந்து அவளைப் பார்த்தான். அந்தக் கண்ணில் அவள் யாரென்கிற அடையாளமே இல்லை. யாரோ ஒரு பெண் குறுக்கே வந்துவிட்டாள் என்கிற எரிச்சல் மட்டும் இருந்தது. சங்கிலி இந்தப் பக்கம் வந்துவிடும் என்று அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

வரவில்லை. கண்ணைத் திறந்தபோது அவன் கை இறங்கியிருந்தது. அவனுடைய சட்டைப் பையில் துருத்திக்கொண்டிருந்த வண்டிச் சாவியை அவள் எடுத்தாள். அவனை இழுத்துக்கொண்டு போகவில்லை. ஒன்றும் சொல்லவும் இல்லை. மருந்துக்கடை வாசலில் நின்ற வண்டியில் அதைச் செருகித் திருப்பினாள். கிளிக் என்று திரும்பியது. பச்சை விளக்கு எரிந்தது.

பார்த்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவன் செல்போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். தக்காளிக்காரர், "அட, என்னப்பா இது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கூடைக்குத் திரும்பினார். பஸ் வந்ததும் பஸ்ஸுக்கு நின்றவர்கள் போய்விட்டார்கள். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் கால் வைக்க இடமில்லாத இடத்தில் அந்த மனிதரும், விழுந்து கிடந்த வண்டியும், சங்கிலியைப் பிடித்தபடி பெரியண்ணனும் மட்டும்தான் இருந்தார்கள்.

யுவராணி மண்ணில் உட்கார்ந்து, பக்கத்தில் கிடந்த அவருடைய சாவியை எடுத்து அவர் சட்டைப் பையில் போட்டுவிட்டு, தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். அறுபது வயதிருக்கும். இடது கண்ணைச் சுற்றி எல்லாம் வீங்கி, இமை எது கன்னம் எது என்று தெரியவில்லை. அவர் வலது கண்ணால் அவளைப் பார்க்க முயன்றார்.

"பாலம் வரைக்கும் போயிட்டேம்மா. அப்புறம்தான் குனிஞ்சு பாத்தேன். டேங்குல பட்டாம்பூச்சி. நம்ம வண்டில ஏது பட்டாம்பூச்சின்னு..." மூச்சு வாங்கியது. "யாருதோ, தேடுவாங்களேன்னு திருப்பிக்கிட்டு வந்தேன்."

அவர் பெயர் இன்னாசி என்பதும், மாதாகோயில் இருக்கிற பக்கத்து ஊரில் விவசாயம் பார்க்கிறார் என்பதும் ஆட்டோவில் போகும்போது தெரிந்தது. ஆபரேசன் ஆகி இன்னும் வண்டி ஓட்டக் கூடாது. சொட்டு மருந்து தீர்ந்துவிட்டது, வாங்கி வர வீட்டில் வேறு ஆள் இல்லை என்று கிளம்பி வந்திருக்கிறார். யுவராணி அவர் கண்ணில் ஈரத்துணியை வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். பெரியண்ணன் தன் சாவியை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டு பின்னாலேயே தங்கள் வண்டியில் வந்தான். ஆட்டோவின் பின்பக்கத் திரை காற்றில் தூக்கும்போதெல்லாம் அவன் முகம் தெரிந்தது, மறைந்தது.

அரசு ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் சின்னப் பெண். விளக்கடித்துக் கண்ணைப் பார்த்தவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "தையல் பிரிஞ்சிருக்கும் போல. உள்ள ரத்தம் இருக்கு. இங்க பாக்க முடியாது, தர்மபுரிக்கு எழுதறேன். பார்வையப் பத்தி இப்ப எதுவும் சொல்ல முடியாது" என்றாள். பிறகு பெரியண்ணனைப் பார்த்துக் கேட்டாள். "எதால அடிச்சாங்க? யாரு அடிச்சது?"

"தெரியலைங்க மேடம்" என்றான் பெரியண்ணன். "கும்பலா அடிச்சாங்க. யாரு எவருன்னு தெரியல. நாங்கதான் போயி தடுத்தோம்."

யுவராணி அவனைப் பார்த்தாள். அவன் குரல் வழக்கமான குரல்தான். பால்காரனிடமும் தரகனிடமும் பேசுகிற அதே பணிவான குரல். அவன் சங்கிலியை ஓங்கியதைவிட இதுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது. அது வெறி என்று வைத்துக்கொள்ளலாம். இது என்ன? 'நாங்க' என்று சொன்னானே, அதில் அவளையும் சேர்த்துக்கொண்டானே.  டாக்டர் அதை அப்படியே எழுதிக்கொண்டு போனாள்.

வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது அவளுடைய செல்போன் மணியடித்துக்கொண்டே இருந்தது. மகளிர் குழுவின் வாட்ஸ்அப்பில் வீடியோ ஒன்று வந்திருந்தது. 'கம்பைநல்லூரில் பைக் திருடன் சிக்கினான்' என்று மேலே எழுதி நெருப்புப் படம் போட்டிருந்தார்கள். கீழே கைதட்டுகிற பொம்மைகள் வரிசையாக நின்றன. பக்கத்துத் தெருக்காரி ஒருத்தி குரல் பதிவு அனுப்பியிருந்தாள். "யுவராணி, அது உங்க வூட்டு அண்ணந்தானே? நல்லா போட்டாரு போ. இவனுங்கள இப்படித்தான் பண்ணணும்." யுவராணி அந்த வீடியோவை ஓடவிடவில்லை. செல்போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்தாள்.

இன்னாசியின் மகள் பிளசி தர்மபுரியிலிருந்து வந்து சேர்ந்தாள். ஜவுளிக்கடை யூனிபார்ம் சேலையோடு அப்படியே வந்திருந்தாள். அப்பாவைப் பார்த்துவிட்டு வெளியே வந்தவள் அழவில்லை. வெறித்த கண்ணோடு வந்து யுவராணியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். யுவராணியின் சேலை முழுக்க ரத்தக்கறை இருப்பதைப் பார்த்தாள். அவள் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள்.

"நீங்கதான் தூக்கிட்டு வந்தீங்களாமேக்கா. நர்சு சொன்னாங்க. நீங்க நல்லா இருக்கோணும்."

யுவராணி கையை மெல்ல இழுத்தாள். பிளசி விடவில்லை.

"கடையில சாப்பாட்டு நேரத்துல அந்த வீடியோ வந்துச்சுக்கா. எல்லாரும் சுத்தி நின்னு பாத்தோம். நானும்தான் பாத்தேன். 'நல்லா போடுங்க, எங்க ஊர்ப் பக்கம் இதே வேலையா திரியறானுங்க'ன்னு நான் சொன்னேங்க்கா. என் வாயால சொன்னேன்." அவள் தன் உதட்டை விரலால் தொட்டுக் காட்டினாள். "அப்புறம் கீழ கெடந்தவரு கையத் தூக்கினாரு. அந்தச் சட்டை நான் எங்க கடையில எடுத்துக் குடுத்தது."

வராந்தாவின் கோடியில் தூணில் சாய்ந்து பெரியண்ணன் நின்றிருந்தான். பிளசி அவனைப் பார்க்கவில்லை.

"சங்கிலியால அடிக்கறானே, அவன் முதுகுதாங்க்கா தெரியுது. மூஞ்சி தெரியல. அந்த முதுகு எனக்கு இனி மறக்காது."

யுவராணி தன் கையைப் பார்த்தாள். இன்னும் அந்தப் பெண்ணின் கைகளுக்குள்தான் இருந்தது. வெதுவெதுப்பாக இருந்தது. இப்போது எழுந்து போய்விடலாம். யாரும் ஒன்றும் கேட்கப் போவதில்லை. வீட்டில் புழு கிடக்கிறது, மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்திருப்பாள் என்று சொல்லலாம்.

"அது என் வூட்டுக்காரருங்க" என்றாள். "அந்த முதுகு என் வூட்டுக்காரரு. அதோ நிக்கறாரு."

பிளசியின் கைகள் உடனே விலகவில்லை. சொன்னது உள்ளே போய்ச் சேர நேரம் ஆனது. பிறகு ஒரு விரல், இன்னொரு விரல் என்று பிரிந்தன. அவள் எழுந்து நின்றாள். தூணைப் பார்த்தாள். பெரியண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் அவனிடம் போகவில்லை, கத்தவில்லை. சுவரோரமாகவே நடந்து அப்பா இருந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

தகவல் போய் போலீஸ்காரர் ஒருவர் வந்தார். வராந்தாவில் நின்றபடி பொதுவாகக் கேட்டார். "சங்கிலியில அடிச்சது யாருய்யா? இருக்கறானா, ஓடிட்டானா?"

பெரியண்ணன் யுவராணியைப் பார்த்தான். அவள் பார்வையை விலக்கவில்லை. அவன் பார்த்தது 'நீயே சொல்லிவிடேன்' என்று கெஞ்சுகிற மாதிரியும் இருந்தது, 'சொல்லிவிடாதே' என்று கெஞ்சுகிற மாதிரியும் இருந்தது. பிறகு அவன் பள்ளிக்கூடத்துப் பையனைப் போல ஒரு கையைத் தோள் உயரத்துக்குத் தூக்கினான்.

போலீஸ்காரர் அவனை மேலும் கீழும் பார்த்தார். "வண்டியும் ஸ்டேசனுக்கு வரணும். சங்கிலி எங்க?" என்றார். சங்கிலி வண்டியின் ஹேண்டிலில் தொங்கிக்கொண்டிருந்தது. நீல உறையில் ஒட்டியிருந்த ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. அவன் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தான். வாசல் வரைக்கும் போய்த் திரும்பி வந்தான்.

"சாயங்காலம் புழுவுக்குத் தூள் போட்டுரு. பை கடைப் படியில இருக்குது" என்றான்.

அவள் சேலையில் காய்ந்திருந்த கறையை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். அவன் மறுபடி வாசலுக்குப் போனான்.

ஆம்புலன்ஸ் வந்தது. இன்னாசியை ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்துக் கொண்டு வந்தபோது முகத்தில் பாதி கட்டாக இருந்தது. ஏற்றுவதற்கு முன்னால் அவர் கையை ஆட்டி நிறுத்தச் சொன்னார். பிளசி குனிந்தாள்.

"வண்டி அங்கயே நிக்குது பாப்பா. பூட்டுகூட போடல. யாராச்சும் எடுத்துக்கிட்டுப் போயிருவாங்க."

"வண்டி கெடக்குதுப்பா இப்ப."

"இல்ல பாப்பா. அது போச்சுன்னா அப்புறம் நான் எங்க போவேன்? எதுல போவேன்?" அவர் எழுந்திருக்கப் பார்த்தார். "நான் போயி எடுத்துட்டு வந்துர்றேன். ரெண்டு நிமிசம்."

"நான் போறேங்க" என்றாள் யுவராணி. காலையில் கத்தியதில் குரல் கம்மிப்போயிருந்தது. "எனக்கு ஓட்டத் தெரியும். உங்க ஊர் மாதாகோயில்ல கொண்டுபோயி வுட்டுர்றேன்."

பிளசி நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். அந்தப் பார்வையை யுவராணி தாங்கிக்கொண்டு நின்றாள். ஆம்புலன்ஸ்காரர் அவசரப்படுத்தினார். பிளசி அப்பாவின் கிழிந்த சட்டைப் பைக்குள் கையை விட்டுச் சாவியை எடுத்தாள். யுவராணியின் கையில் கொடுக்கவில்லை. பெஞ்சின் மேல் வைத்துவிட்டு ஆம்புலன்சில் ஏறிக்கொண்டாள்.

யுவராணி கடைத்தெருவுக்கு நடந்து போனாள். வெயில் தாழ்ந்திருந்தது. சந்தை கலைந்துகொண்டிருந்தது. கூடைகளை அடுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார்கள். இலைக் குப்பையில் மாடுகள் வாய் வைத்துக்கொண்டிருந்தன. காலையில் ரத்தம் கிடந்த இடத்தில் யாரோ மண்ணைத் தள்ளி மூடியிருந்தார்கள். நஞ்சப்பன் கடையை அடைத்துவிட்டுப் போயிருந்தார். சுண்ணாம்புத் தூள் பையை ஓரமாக எடுத்து வைத்திருந்தார். வரிசையில் நின்ற வண்டிகள் எல்லாம் போய்விட்டன. இன்னாசியின் வண்டி மட்டும் மருந்துக்கடை வாசலில் தனியாக நின்றது.

கிட்டே போய் நின்று அதைப் பார்த்தாள். இரண்டு வண்டிக்கும் என்ன வித்தியாசம் என்று இப்போது எவ்வளவோ தெரிந்தது. இதன் ஹேண்டில் பிடியில் சைக்கிள் டியூபைச் சுற்றியிருந்தார்கள். கிக்கரின் ரப்பர் தேய்ந்து போயிருந்தது. பின்சீட்டில் புல்லுக்கட்டு கட்டிக் கட்டிக் கயிற்றுத் தடம் விழுந்திருந்தது. பெரியண்ணன்தான் அவளுக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தான். மல்பெரித் தோட்டத்து வண்டிப்பாதையில் பின்னாலேயே ஓடி வந்து, "வுட மாட்டேன், நீ ஓட்டு, நான் புடிச்சிருக்கறேன்" என்று கத்திக்கொண்டே வருவான். அதை நினைத்ததும் அவளுக்கு அழுகை வரும் போல இருந்தது. வரவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். சாவியைப் போட்டாள்.

"ஏம்மா! ஏ, யாரும்மா அது? யாரு வண்டி?"

எதிர்ச் சாரியில் இருந்த டீக்கடைப் பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்து நின்றான். காலையில் இன்னாசியின் காலரைப் பிடித்து இழுத்தவன் அவன்தான். அவனுக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. சேலை முழுக்கக் கறையோடு, கலைந்த தலையோடு, தன்னுடையது இல்லாத வண்டியில் உட்கார்ந்திருக்கிற ஒரு பெண்ணைத்தான் அவன் பார்த்துக்கொண்டிருந்தான். "காலையிலதான் ஒருத்தன் வாங்கிட்டுப் போனான்" என்று பெஞ்சில் யாரோ சொன்னார்கள். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

சொல்ல வேண்டியது ஒன்றும் பெரிய விசயம் இல்லை. ஆஸ்பத்திரியில் இருக்கிற பெரியவரோட வண்டி, அவரு மக சாவி குடுத்தா. அவ்வளவுதான். அவள் வாயைத் திறந்தாள். தொண்டையிலிருந்து காற்று மட்டும் வந்தது. மறுபடி முயன்றாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. அவள் சாவியிலிருந்து கையை எடுத்தாள். இரண்டு உள்ளங்கையையும் விரித்து, அவர்களுக்குத் தெரிகிற மாதிரி மேலே தூக்கினாள்.

பெஞ்சில் இருந்த மற்றவர்களும் எழுந்து அவனுக்குப் பின்னால் ரோட்டைக் கடந்து வந்தார்கள். ஒருவன் டீ கிளாசைக் கீழே வைக்க மறந்து கையோடு கொண்டு வந்தான். அவன் நடக்க நடக்க டீ தளும்பி விரல்களில் சிந்திக்கொண்டிருந்தது. அவன் அதைக் கவனிக்கவில்லை.